முகத்தில் தெரியாதது

1733ஆம் ஆண்டு மார்ச் மாதம், தூக்கிலிடப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, லண்டன் நியூகேட் சிறையில் ஒரு பெண் ஓர் ஓவியருக்காக உட்கார்ந்தாள். பெயர் சாரா மால்கம். வயது 22. வக்கீல்கள் குடியிருந்த டெம்பிள் வளாகத்தில் அறைகளைக் கூட்டிப் பெருக்கி, துணி வெளுத்துப் பிழைத்தவள். அவள் வேலை செய்த இடங்களில் ஒன்று லிடியா டன்கோம் என்ற வயதான விதவையின் வீடு. அந்தக் கிழவியும் அவரோடு இருந்த இரண்டு வேலைக்காரப் பெண்களும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். இரண்டு பேரைக் கழுத்தை நெரித்தும், 17 வயதான ஆன் பிரைஸைக் கழுத்தை அறுத்தும் கொன்றிருந்தார்கள். களவுபோன வெள்ளிப் பாத்திரமும் ரத்தக்கறை படிந்த துணிகளும் சாரா வேலை பார்த்த இன்னொரு வீட்டில் கிடைத்தன.

சாரா திருட்டை ஒப்புக்கொண்டாள். கொலையை மறுத்தாள். வேறு மூன்று பேர் உள்ளே போனார்கள், நான் படிக்கட்டில் காவல் நின்றேன் என்றாள். அவள் சொன்ன மூவர் மீதும் வழக்கு நடக்கவில்லை. அவளுக்காக வாதாட வக்கீல் கிடையாது. வக்கீல்களின் அறைகளைப் பெருக்கியவள், தன் வழக்கைத் தானே நடத்தினாள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தாள். துணியில் இருந்த ரத்தம் யாருடையது என்று கேட்டபோது, அது என் மாதவிடாய் ரத்தம் என்று ஆண்கள் மட்டுமே தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த அந்த மன்றத்தில் சொன்னாள். 1733இல்! இன்றைக்கும் மருந்துக்கடையில் நாப்கினைக் கறுப்புக் கவரில் சுற்றித் தருகிற ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, அவள் குரல் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. யாரும் நம்பவில்லை. அவள் பொய்யும் சொல்லியிருக்கலாம். மூன்று உயிர் போன வழக்கு அது; அவளுடைய துணிச்சலை ரசிப்பதற்காக ஆன் பிரைஸை மறந்துவிட முடியாது.

வரைய வந்தவர் வில்லியம் ஹோகார்த். தன் மாமனாரோடு சிறைக்கு வந்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இவள் எந்தப் பாதகத்துக்கும் துணிந்தவள் என்று அவர் மாமனாரிடம் சொன்னதாக ஒரு செய்தி வழிவழியாக வருகிறது. அதே அமர்விலிருந்து ஓர் அச்சுப்படமும் செய்து ஆறு பென்னிக்கு விற்றார். கொலைகாரியின் முகத்தை வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இருந்தது.

ஆனால் எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டிய ஓவியத்தை, எடின்பரோவில் இருக்கும் அந்தச் சின்னப் படத்தை, பாருங்கள். நல்ல பிரதிகள் எளிதாகக் கிடைக்கின்றன. இருண்ட கல்லறை போன்ற சிறைக்கூடம். வெள்ளைத் தொப்பியும் முன்கச்சையும் அணிந்த ஒரு பெண் மேசைமேல் கைகளைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். வேலை செய்து உரமேறிய, கனத்த முன்னங்கைகள். முன்னால் ஒரு ஜெபமாலை. நம்மைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் எதையோ பார்க்கிறாள், அல்லது எதையும் பார்க்கவில்லை. களைப்பு தெரிகிறது. பிடிவாதம் தெரிகிறது. பாதகம் எங்கே? நான் எத்தனையோ முறை தேடிவிட்டேன். தலைப்பை மறைத்துவிட்டு, ‘மதிய வேலை முடிந்து ஓய்வெடுக்கும் பணிப்பெண்’ என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. ஹோகார்த்தின் வாய் ஒன்று சொல்லியிருக்கிறது, கை வேறொன்றைச் செய்திருக்கிறது. கையைத்தான் நான் நம்புவேன். எதிரே இருப்பவரை மணிக்கணக்கில் பார்த்து வரைகிறவருக்கு, அவசரத் தீர்ப்பைக் காப்பாற்றிக்கொள்வது கடினம்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நாம் வளர்ந்த பழமொழி. இதை ஆண்களுக்கும் சொல்வார்கள்தான். ஆனால் அதன் பாரம் யார்மேல் விழுகிறது என்பது பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த எவளுக்கும் தெரியும். முகத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லிவிடுவார்கள். குடும்பத்துக்கு அடங்குவாளா, வாய் நீளுமா, வந்த வீடு விளங்குமா, எல்லாவற்றுக்கும் முகமே ஜாதகம். மகாலட்சுமி மாதிரி இருக்கா என்பார்கள். பிடிக்கவில்லையென்றால் இன்னொரு பெயர் தயாராக இருக்கிறது: மூதேவி.

அந்தப் பெயருக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. மூதேவி என்பவள் மூத்த தேவி, தவ்வை, சேட்டை. திருமகளின் அக்காள். பல்லவர் காலக் கோயில்களில் அவளுக்குச் சிலை இருந்தது, வழிபாடு இருந்தது. பெரிய வயிறும் சரிந்த முலைகளுமாக, காக்கைக் கொடியோடு, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். பிற்காலத்தில் அவள் வாசலுக்கு வெளியே போனாள். பல ஊர்களில் சிலை ஏரிக்கரையிலும் புதரிலும் கிடக்கிறது. தங்கை மட்டும் உள்ளே இருந்தாள். ரவி வர்மாவின் அச்சகம் அவளை வண்ணத்தில் அடித்துக் காலண்டராக வீட்டுக்கு வீடு அனுப்பியது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி பூஜையறைக்குப் போனாள், ஒருத்தி வசைச்சொல்லாகிப் போனாள். நல்லது கெட்டது இரண்டும் ஒரே முகத்தில் இருக்க முடியும் என்ற எண்ணமே பெண் விஷயத்தில் நமக்குப் பழக்கமில்லாமல் போனதற்கு, இப்படிப் பிரித்து வைத்துக் கும்பிட்டதும் ஏசியதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முகத்தில் பாவத்தைத் தேடும் வேலையை 19ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானம் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன், சிறைத்துறையிடமிருந்து குற்றவாளிகளின் ஃபோட்டோக்களை வாங்கினார். ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முகங்களைப் பதிவுசெய்தார். தனித்தனி வேறுபாடுகள் மங்கிப்போய், எல்லாருக்கும் பொதுவான ‘குற்ற முகம்’ மட்டும் மிஞ்சும் என்பது கணக்கு. 1878இல் அதைப் பற்றி எழுதினார். வந்தது என்ன தெரியுமா? கூட்டுமுகம் தனிமுகங்களைவிடப் பார்க்க நன்றாக இருந்தது. கொடூரம் என்று அவர் நினைத்த தனித்தன்மைகள் மறைந்து, எல்லாருக்கும் பொதுவான மனிதத்தன்மைதான் மிஞ்சியது என்று அவரே எழுதும்படி ஆயிற்று. எனக்கு மிகவும் பிடித்த தோல்வி இது. சாதாரண மனிதனுக்கு இது போதும். கால்டனுக்குப் போதவில்லை, மனிதர்களில் நல்ல இனம் கெட்ட இனம் பிரித்து, நல்லதை மட்டும் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு யூஜெனிக்ஸ் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

இத்தாலியில் லொம்புரோசோ, 1893இல் தன் மருமகனாகப் பின்னால் வந்த ஃபெர்ரேரோவோடு சேர்ந்து, குற்றவாளிப் பெண்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். விலைமாதும் அதில் உண்டு, ‘சாதாரணப் பெண்ணும்’ உண்டு. பிறவிக் குற்றவாளிப் பெண் அபூர்வம். ஆனால் இருந்துவிட்டால் ஆணைவிடக் கொடியவள் என்பது அவர் முடிவு. குற்றவாளி என்ற வகையில் ஒரு விதிவிலக்கு, பெண் என்ற வகையில் இன்னொரு விதிவிலக்கு, ஆக அவள் இரட்டை அரக்கி. ஆண் கொன்றால் சட்டத்தை மீறுகிறான். பெண் கொன்றால் இயற்கையையே மீறுகிறாள் என்ற நினைப்பு இன்றைய செய்தித் தலைப்புகள் வரை வந்திருக்கிறது. ‘கல்நெஞ்சக்காரி’ என்பதற்கு ஆண்பாலில் அதே வீச்சோடு ஒரு தலைப்பை நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியா முழுக்கச் சென்று மூக்கையும் மண்டையையும் அளந்தார், ஃபோட்டோ எடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த சாதிகளும் குடிகளும் பற்றிய அவருடைய நூலில் அந்த முகங்கள் இருக்கின்றன. பெயர் இல்லாத முகங்கள். கீழே சாதிப் பெயர் மட்டும். 1871இல் வடக்கே வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு மனிதர் என்ன செய்தார் என்று கேட்கத் தேவையில்லை, எந்த வயிற்றில் பிறந்தார் என்று கேட்டால் போதும் என்ற சட்டம். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த கள்ளர்கள்மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அவளுக்கு உருவப்படம் கிடையாது.

ஆக, உருவப்படம் என்பது சுத்தமான பண்டம் இல்லை. அழகுக்கு எவ்வளவு உழைத்திருக்கிறதோ, முத்திரை குத்துவதற்கும் அவ்வளவு உழைத்திருக்கிறது.

முத்திரை குத்தப்பட்ட ஒரு பெண்முகம் 20ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை முப்பது வருடம் துரத்தியது. மைரா ஹிண்ட்லி. 1963க்கும் 1965க்கும் இடையில் அவளும் அவள் காதலன் இயன் பிரேடியும் சேர்ந்து பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரையிலான ஐந்து பேரைக் கொன்றார்கள். இதில் மென்மையாகச் சொல்ல எதுவும் இல்லை. கைதானபோது போலீஸ் எடுத்த ஃபோட்டோவில் வெளுக்க வைத்த முடியோடு கேமராவை நேராகப் பார்க்கிறாள். பிரேடிக்கும் அதே மாதிரி ஃபோட்டோ எடுத்தார்கள். பத்திரிகைகள் திரும்பத் திரும்ப அச்சடித்து, தீமை என்றால் இதுதான் முகம் என்று ஆக்கியது அவள் படத்தை.

1995இல் மார்கஸ் ஹார்வி என்ற ஓவியர் அந்த ஃபோட்டோவை மிகப் பெரிய ஓவியமாக்கினார். தூரிகைக்குப் பதில், ஒரு குழந்தையின் கையை அச்செடுத்து, அந்த உள்ளங்கை அச்சைக் கறுப்பிலும் வெள்ளையிலும் சாம்பலிலும் தோய்த்து நூற்றுக்கணக்கில் பதித்தார். தள்ளி நின்றால் மைரா. கிட்டே போனால் பிஞ்சுக் கைகள். 1997இல் லண்டன் ராயல் அகாடமியில் அதை மாட்டியபோது கூச்சல் எழுந்தது. முதல் நாளே ஒருவர் மை வீசினார், இன்னொருவர் முட்டை அடித்தார். கொல்லப்பட்ட பிள்ளை ஒன்றின் தாய் அதை மாட்டாதீர்கள் என்று கெஞ்சினார். சிறையிலிருந்து ஹிண்ட்லியும் அதை எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதினாள். படத்தைத் துடைத்து, முன்னால் தடுப்புப் போட்டுத் திரும்பவும் மாட்டினார்கள்.

அந்தத் தாய் சொன்னதற்கு மேல் பேச எனக்கு நா எழவில்லை. கலைச் சுதந்திரம் என்ற வாதத்தை அவர் முகத்துக்கு நேரே வைக்க என்னால் முடியாது. அதே சமயம், அந்த ஓவியம் பத்திரிகைப் படம் செய்யாத ஒன்றைச் செய்தது என்பதும் உண்மை. பத்திரிகையில் அவள் முகம் மட்டும் இருந்தது, பிள்ளைகள் இல்லை. ஓவியத்தில் பிள்ளைகளின் கை இல்லாமல் அவளைப் பார்க்கவே முடியாது. இருந்தும் ஹார்வி சட்டகத்தை மாற்றவில்லை. பிரேடி அங்கும் இல்லை. சாராவின் படத்தில் அவள் பெயர் சொன்ன மூன்று பேர் இல்லாத மாதிரி.

இங்கேதான் ‘எல்லாருக்குள்ளும் நல்லதும் கெட்டதும் இருக்கிறது’ என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. உருவப்படக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வாக்கியத்தில்தான் போய் முடிவார்கள். உண்மையான வாக்கியம்தான். ஆனால் அது எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதில்லை.

அடிபட்டு, உதடு கிழிந்து பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கிற பெண்ணிடம் அது எப்படிச் சொல்லப்படுகிறது? “கோவத்துல கை நீட்டிட்டாரு, மத்தபடி தங்கமான மனுசன்டி.” “குடிக்காத அன்னிக்கு உன்னை எப்படித் தாங்குறாரு, அதையும் நெனச்சுப் பாரு.” அம்மா சொல்வாள், அத்தை சொல்வாள், காவல் நிலையத்தில் புகாரை எழுத வேண்டியவரும் சொல்வார். அவனுக்குள் இருக்கும் நல்லதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு, உதடு கிழிந்தவளுக்கு. அவன் ஓர் ஆழமான உருவப்படம். ஒளியும் நிழலும் கலந்தவன், சிக்கலானவன். அவள் ஒரு நாள் அரிவாள்மனையைத் திருப்பி ஓங்கிவிட்டால்? அவளுக்குள்ளும் நல்லது இருக்கிறது என்று எந்த அத்தையும் வந்து சொல்ல மாட்டாள். அவள் படத்துக்கு ஒரே வண்ணம்.

சாதியும் நிலமும் இருந்தால் இந்தச் சலுகை இன்னும் பெரிதாகும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர்களின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நிலவுடைமையாளர்களை விடுவித்த உயர் நீதிமன்றம், இவ்வளவு நிலமும் வசதியும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்ற பொருளில் எழுதியது. அகத்தின் அழகை முகத்தில் பார்த்தார்கள். முகத்தை நிலப் பட்டாவில் பார்த்தார்கள். பெரிய மனிதரின் முகத்துக்குள் கெட்டதைப் பார்க்க முடியாமல் போவதும், கூலிக்காரியின் முகத்தில் அதைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் போவதும் ஒரே கோளாறின் இரண்டு பக்கம்.

அதனால் இந்த வாக்கியமே வேண்டாம் என்று சொல்லும் தோழிகள் இருக்கிறார்கள். கொடுமை செய்தவனின் மனிதத்தன்மையைப் பற்றிக் கவலைப்பட எங்களுக்கு நேரமில்லை என்பார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாக்கியத்தைத் தூக்கிப் போட்டால் நமக்கு என்ன மிஞ்சும்? பெண் இயல்பாகவே நல்லவள், அன்பானவள், தீமை என்பது ஆண் செய்வது, அவள்மேல் நிகழ்வது. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் இது பூஜையறைக் காலண்டரைக் கொஞ்சம் முற்போக்காக மறுபடி அச்சடிப்பதுதான். தீமை செய்யவே முடியாதவளின் நன்மைக்கு என்ன மதிப்பு? அவளுக்குத் தேர்வே இல்லையே. மன்னிக்கத் தெரிந்தவளாக மட்டும் நம்மை வரைந்தால், நாளைக்கு மன்னிக்க மாட்டேன் என்று ஒருத்தி சொல்லும்போது அவளுக்கு நிற்க இடம் இருக்காது.

வாக்கியத்தை வைத்துக்கொள்ளலாம், செய்த காரியத்தை அழிக்காமல் எப்படிச் சொல்வது என்பதுதான் சிக்கல். அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ரெம்பிராண்ட் 1664இல் மையால் வரைந்த இரண்டு சின்னச் சித்திரங்கள். டென்மார்க்கிலிருந்து வேலை தேடி ஆம்ஸ்டர்டாம் வந்தவள் எல்ஸியே கிறிஸ்டியான்ஸ், வயது 18. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரி சண்டை போட்டு, துடைப்பத்தால் அடித்தாள். எல்ஸியே பக்கத்தில் கிடந்த கோடாலியை எடுத்தாள். வீட்டுக்காரி செத்தாள். எல்ஸியேவைக் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை ஊருக்கு வெளியே கம்பத்தில் கட்டி, பறவைகளும் காற்றும் தின்னும்படி விட்டார்கள். கொலை செய்த கோடாலியை அவள் தலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள்.

ரெம்பிராண்ட் அங்கே போய் அவளை முன்பக்கமிருந்து ஒருமுறையும் பக்கவாட்டிலிருந்து ஒருமுறையும் வரைந்தார். யாரும் கேட்டு வாங்கிய படம் மாதிரித் தெரியவில்லை. அச்சடித்து ஆறு பென்னிக்கு விற்கவும் இல்லை. பாவாடை மடிப்பு, கட்டிய கயிறு, மூடிய கண், ஒரு பக்கம் சாய்ந்த தலை, எல்லாம் பொறுமையாக வரையப்பட்டிருக்கின்றன. தூங்கும் பிள்ளை மாதிரி இருக்கிறாள் என்று சொல்ல ஆசை வரும். ஆனால் கோடாலி இருக்கிறது. அதை அவர் விட்டுவிடவில்லை. கருணை காட்ட வேண்டுமென்று நினைத்தால் கோடாலியை விட்டுவிட்டு வரைந்திருக்கலாம், கொலைகாரி என்று காட்ட வேண்டுமென்றால் கோடாலியைப் பெரிதாக்கியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அது இருந்த இடத்தில் இருந்த அளவில் இருக்கிறது. முகத்தில் கோடாலியைத் தேடவும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கெட்டவள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களைப் பற்றி. நல்லவளின் முகத்தில் மற்றதைத் தேடுவது இன்னும் கஷ்டம். அதைச் செய்ய அவளேதான் கண்ணாடி முன்னால் உட்கார வேண்டியிருக்கும்.

ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் அப்படி உட்கார்ந்தவர். பெர்லினின் தொழிலாளர் பகுதியில் மருத்துவராக இருந்தவரின் மனைவி. தன் படங்களில் பசித்த பிள்ளைகளையும் பிள்ளையை இழந்த தாய்மார்களையும் விடாமல் வரைந்தவர். நூற்றுக்கு மேற்பட்ட தன்னுருவப் படங்கள் செய்திருக்கிறார். 1910இல் நெற்றியில் கைவைத்தபடி ஒன்று. அதில் களைப்பு மட்டும்தான். 1914இல் போர் தொடங்கியது. இளைய மகன் பீட்டருக்கு வயது 18, பட்டாளத்தில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா மறுத்தார். பீட்டர் அம்மாவைப் பார்த்தான். அம்மா எழுந்து அவன் பக்கம் நின்று, கணவரிடம் மன்றாடி, சம்மதம் வாங்கித் தந்தார். அக்டோபர் மாதமே பெல்ஜியத்தில் பீட்டர் செத்துப்போனான்.

இதைத் தீமை என்று சொல்லலாமா? மகன் கேட்டதைத் தாய் வாங்கிக் கொடுத்தாள். நாடே வெறியில் இருந்தது. அவரும் கொஞ்சம் நம்பினார், தியாகம் என்ற சொல்லுக்கு மயங்கினார். எந்த நீதிமன்றமும் அதற்கு அவரைக் கூண்டில் ஏற்றாது. ஆனால் அவர் தன்னை விடவில்லை. மகனுக்கு நினைவுச்சின்னம் செய்ய ஆரம்பித்து, கலைத்து, மறுபடி ஆரம்பித்து, 1932இல்தான் முடித்தார். பதினெட்டு வருடம், மகன் வாழ்ந்த அளவு காலம். முதலில் மகனின் உருவமும் திட்டத்தில் இருந்தது. கடைசியில் அவனை எடுத்துவிட்டார். மிஞ்சியது மண்டியிட்ட அப்பாவும் அம்மாவும். அப்பா நிமிர்ந்தபடி, கைகளைத் தன்மேலேயே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா குனிந்திருக்கிறாள். அந்த அம்மாவுக்குத் தன் முகத்தையே வைத்தார். பெல்ஜியத்தில் பிளாட்ஸ்லோ என்ற இடத்தில், மகன் புதைக்கப்பட்ட மயானத்தில், வரிசை வரிசையான கல்லறைகளுக்கு முன்னால் அந்த முகம் குனிந்தபடி இருக்கிறது. துக்கத்தின் சிலை என்பார்கள். பாதி சரி. தான் சம்மதம் வாங்கிக் கொடுத்த நாளை அறிந்தவர்களுக்கு, அந்தக் குனிவு துக்கம் மட்டும் இல்லை.

தாய்மையைத் தெய்வமாக்கி வைத்திருக்கும் நம் ஊரில், ஒரு தாய் தன்னை இப்படி வரைந்துகொள்வதை நினைத்துப் பார்க்கிறேன். மகள் வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள் என்றதும் வீட்டு ஆண்கள் கூடிப் பேசும்போது காபி போட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றவள். “ஒண்ணும் பண்ண மாட்டாங்க, வந்துடும்மா” என்று மகளுக்கு ஃபோன் செய்தவள். மகளை நம்ப வைக்க அவள் குரல்தான் தேவைப்பட்டது. பிறகு கூடத்தில் மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறவளும் அவள்தான். அவளை ராட்சசி என்று சொன்னால், அவளைச் சுவரோரம் நிறுத்தியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். பாவம், அவளால் என்ன செய்ய முடியும் என்று சொன்னால், அந்த ஃபோனை யார் செய்தது?

கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் ஒரு படம் எழும். 1986இல் உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகளைப் பற்றி ‘இந்தியா டுடே’ எழுதியது. 1994இல் ‘கருத்தம்மா’ படம் வந்தது. அப்போதிலிருந்து அந்தப் படம் மாறவேயில்லை. ஒரு கிழவி. கையில் கிண்ணம். முகம் பாதி இருட்டில். ரேகைச் சட்டம் முத்திரை குத்திய அதே வட்டாரம், அதே மக்கள், இரண்டாவது முறையும் முத்திரை வாங்கினார்கள். சேலத்திலும் தருமபுரியிலும் நடந்ததற்கு இந்த அளவு முகம் கிடைக்கவில்லை. நகரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக் கலைத்த படித்த குடும்பங்களுக்கு முகமே கிடைக்கவில்லை. அதைத் தடுக்க 1994இல் சட்டம்தான் வந்தது. சுத்தமான அறையில் கையெழுத்துப் போட்டுச் செய்ததால் அது உருவப்படமாகவில்லை.

அந்தக் கிழவியை உட்கார வைத்து வரைய ஒருத்தி வேண்டும். சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களையும் அவள் எங்காவது கொண்டுவர வேண்டியிருக்கும். இரண்டாவதும் பொட்டை என்றால் பிறந்த வீட்டிலேயே இருந்துகொள் என்றவன். பவுன் கணக்குச் சொன்ன சம்பந்தி வீட்டார். பெண்ணுக்கு நிலத்தில் பங்கில்லை என்று எழுதிய கை. இவர்களை வரைவது அவளுடைய பொறுப்பைக் குறைப்பதற்காக அல்ல. கிண்ணத்தையும் எல்ஸியேவின் கோடாலி மாதிரி இருந்த இடத்தில் இருந்த அளவில் வரைய வேண்டும். அந்தக் குழந்தை பசியில் வாயைத் திறந்தது என்பதையும்.

வரைகிறவள் யாராக இருக்கலாம் என்று யோசித்தால், எனக்கு மூத்த பேத்திதான் தோன்றுகிறாள். முதலாவது பெண்ணாக இருக்கட்டும் என்று விட்டுவைக்கப்பட்டவள். மதுரையில் ஏதோ ஒரு கல்லூரியில் படிக்கிறவள். தனக்குப் பிறகு வந்த தங்கைக்கு என்ன ஆயிற்று என்று பத்துப் பன்னிரண்டு வயதில் யாரோ சொல்லக் கேட்டவள். விடுமுறைக்கு ஊருக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்துக்கொண்டு, “அப்பத்தா, கொஞ்ச நேரம் அசையாம இரு” என்பாள். அப்பத்தா வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்வாள். முகத்தை எப்படியும் வரைந்துவிடலாம். எல்லாக் கிழவிகளுக்கும் இருக்கும் சுருக்கம்தான், பாம்படம் தொங்கிய காது. கைக்கு வரும்போது அவள் பென்சில் நிற்கும். வாரம் தவறாமல் அவளை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கை அது.